சோத்தாங்கை இல்லாத மருமகள்

கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்க்கும் பட்டறையின் பின்பக்கம், கம்ப்ரஸருக்கும் துருப்பிடித்த இரும்பு பீரோவுக்கும் நடுவில், எங்கள் முதல் ரோபோ நிற்கிறது. சக்கரம் வைத்த பீடம், அதன்மேல் இடுப்பு உயரத்தில் ஒரு தட்டு, தட்டுக்குப் பின்னால் ஒரு தூண், தூணின் உச்சியில் கண்ணுக்குப் பதில் கேமரா, பக்கவாட்டில் ஒரே ஒரு கை. அந்தக் கைக்கும் இப்போது மணிக்கட்டு கிடையாது, கழற்றி எடுத்துவிட்டோம். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் அதன் தலையில் ஹெல்மெட்டை மாட்டி வைக்கிறார்கள். பார்த்தாலே எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஹெல்மெட்டை எடுத்துத் தூரப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். "ஏனுங்கண்ணா, பழைய இரும்புக்கு இத்தனை மரியாதைங்களா?" என்று ஒருவன் கேட்டான். அது இரும்பு இல்லை, எங்கள் மாமனார் வீட்டு மருமகள் என்று சொன்னால் அவனுக்கு விளங்கவா போகிறது? "போயி வேலையப் பாரப்பா" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் வேலை, சொல்லும்போது மிகவும் லேசாகத் தெரியும். வீட்டில் தனியாக இருக்கும் நோயாளிக்கு நேரத்துக்குத் தண்ணீரும் மாத்திரையும் சாப்பாடும் கொண்டுபோய்க் கையில் கொடுக்கிற ரோபோ செய்ய வேண்டும். அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எங்கள் உயிரை வாங்கிவிட்டது. ஒருவர் நீட்டும் டம்ளரை இன்னொருவர் வாங்குவதில் எத்தனை சங்கதி இருக்கிறது என்று அதுவரை நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை. சீக்கிரம் விட்டால் டம்ளர் கீழே விழும். விட மறுத்தால் இழுபறி. எதிராளி லேசாக இழுத்ததும் விரலைத் தளர்த்து என்று அதற்குப் பழக்குவதற்குள் எங்களுக்குத் தாவு தீர்ந்துவிட்டது.

அப்போது கை மட்டும்தான் தயாராகியிருந்தது. மேசையில் பிடித்து மாட்டியிருந்தோம். சுற்றுவட்டக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் வடநாட்டுத் தொழிலாளிகளை மதிய இடைவேளையில் கூப்பிட்டு உட்கார வைத்து, அந்தக் கையால் மோர் கொடுத்துச் சோதிப்போம். பாலக்காட்டு வெயில் உச்சியைப் பிளக்கும் மாதம். இஞ்சி தட்டிப் போட்ட குளிர்ந்த மோர். வாசல் வரைக்கும் வரிசை நின்றது. வாங்கியவர்களே மறுபடியும் கடைசியில் போய் நின்று வந்தார்கள். ரோபோவை ஜனங்களுக்கு எப்படிப் பிடித்துப் போயிற்று பார் என்று நாங்கள் பூரித்துப் போனோம். மோர் நன்றாக இருந்தது என்பதுதான் உண்மை.

பிறகு உடம்பு வந்தது. கை வலது பக்கம் வர வேண்டும் என்று எல்லாரும் பேசிவைத்துத்தான் செய்தோம். வரைந்தவர் காகிதத்தைப் பார்த்து வலது பக்கம் வரைந்தார். பொருத்தியவர்கள் எதிரே நின்று தங்கள் வலது பக்கம் பொருத்தினார்கள். பார்க்கிற ஆளுக்கு வலது என்றால் நிற்கிற ஆளுக்கு இடது என்பது, அத்தனை படித்த கூட்டத்தில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. அந்த வாரம் ஆயுத பூஜை. ரோபோவுக்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை எல்லாம் போட்டு, அதன் கையாலேயே பொரிப் பொட்டலம் கொடுக்க ஏற்பாடு. முதல் பொட்டலம் எங்கள் கணக்குப் பிரிவு அக்காவுக்கு. ரோபோ பேசுவதே அவர் குரலில்தான். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து ஆள், வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவார். "வாங்கிக்கோங்க" என்று அவர் குரலிலேயே சொல்லிக்கொண்டு அது அவரிடம் பொட்டலத்தை நீட்டியது. அக்கா நீட்டிய கையைப் படக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அய்யே! இதென்னுங்க, பீச்சாங்கையில குடுக்குது!"

பட்டறையே சிரித்து உருண்டது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "சாமி காரியத்துல இப்படிப் பண்ணிப்போட்டீங்களேப்பா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பேட்டரி, ஒயர் எல்லாம் மறுபக்கம் ஓடுவதால் கையை மட்டும் பிடுங்கி மாற்ற வழியில்லை. அடுத்ததை வலது கையோடு செய்துகொள்ளலாம், அதுவரை இது ஏதாவது ஒரு வீட்டில் சோதனைக்குப் போகட்டும் என்று முடிவாயிற்று.

வீடு தேடி நான் அலையவில்லை. என் மனதில் ஒரு வீடு இருந்தது.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயக் குடும்பம். என் மனைவி பீர்மேடு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா, என் மாமனார், எஸ்டேட் ஜீப் டிரைவர். தென்காசிப் பக்கத்திலிருந்து அந்தக் காலத்தில் மலையேறிய குடும்பம். பேச்சில் அந்த ஊர் அப்படியே இருக்கும். மழையில், மேகத்தில், எதிரே வருவது பஸ்ஸா பாறையா என்று தெரியாத வளைவில், வலது கை ஸ்டியரிங்கிலும் இடது கை கியரிலுமாக அவர் ஓட்டுகிற அழகை இன்றைக்கெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். நான் பெண் பார்க்கப் போனபோது குமுளியிலிருந்து அவர் ஜீப்பில்தான் ஏறினேன். வழியெல்லாம் என் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். "மாப்ள எதுக்கெடுத்தாலும் 'ங்க' போடுதாரு. விட்டா ஜீப்பையும் வாங்க போங்கன்னு கூப்பிடுவாரு போல" என்று வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக தன் மனைவியிடம், அதாவது என் அத்தையிடம் சொன்னார். எனக்கு மூக்குமேல் கோபம். ஆனால் அவர் சிரித்தால் எதிரே இருப்பவர் சிரிக்காமல் இருக்க முடியாது.

ஓய்வு பெற்ற மறு வருஷம், அடைமழைக் காலத்தில், மாமாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு திரும்பியது. கால் பாதி திரும்பியது. வலது கை திரும்பவே இல்லை. கட்டிலில் சாய்ந்து உட்காருவார். யார் வந்தாலும் இரண்டு கையையும் கம்பளிக்குள் விட்டுக்கொள்வார். நன்றாக இருந்த இடது கையையும்தான். அந்தக் கையால் ஒரு ஸ்பூன் கஞ்சி குடிக்க மாட்டேன் என்று விட்டார்.

"பீச்சாங்கையில சோறு திங்கச் சொல்லுதீங்களோ? போனது சோத்தாங்கை மாப்ள. கையோட சோறும் போச்சுன்னு வச்சுக்கோங்க."

டாக்டர் சொன்னார், மகள் அழுதாள், நான் கெஞ்சினேன். மனிதர் அசைந்து கொடுக்கவில்லை. அத்தைதான் ஊட்டினார். அத்தை எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்; ஓய்வு பெற இன்னும் வருஷங்கள் இருந்தன. காலையில் ஊட்டிவிட்டு மலைக்குப் போவார். மதியம் கூடையை இறக்கி வைத்துவிட்டு, சரிவெல்லாம் ஓடி வந்து, ஊட்டிவிட்டு, மறுபடியும் ஓடுவார். சூப்பர்வைசர் முதலில் கண்டும் காணாமல் இருந்தார். பிறகு முணுமுணுத்தார். பிறகு, "இப்படியே போனா வேலைய விட்டுருங்கம்மா" என்று நேராகவே சொல்லிவிட்டார். அத்தைக்கு வேலை இருக்கும் வரைதான் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு அவர்களுக்கு. வேலை போனால் வரிசையில் அந்த வீடு வேறு ஆளுக்கு. அப்புறம் போக்கிடம் எங்கள் வீடுதான். எங்களுக்கு அதில் சந்தோஷமே தவிரக் குறை ஏதும் இல்லை. ஆனால் மாமாவிடம் அந்தப் பேச்சை எடுத்தால் போதும், முகம் கறுத்துவிடும். "மக வீட்டுல போயி உக்காந்து, சம்பந்தி முன்னாடி வாயத் தொறந்து ஊட்டிக்கிடவா? அதுக்கு இங்ஙனயே கெடந்து சாவுதேன்" என்பார். ஆக, மதியம் ஒரு வேளை அவர் தானாகச் சாப்பிட்டால் அந்த வீடு அவர்களுக்கு. இல்லையென்றால் இல்லை.

ரோபோவைத் தார்ப்பாய் சுற்றிப் பிக்கப் வண்டியில் ஏற்றி, பொள்ளாச்சி, உடுமலை, தேனி, கம்பம் என்று சுற்றிக் குமுளி வழியாக மலையேறினோம். எஸ்டேட் ஃபாக்டரி தாண்டும்போது வறுபடுகிற தேயிலை வாசனை வந்தது. கல்யாணமான புதிதில் அந்த வாசனைக்காகவே பஸ் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நனைந்திருக்கிறேன். லயத்து ஜனம் மொத்தமும் வாசலில் கூடிவிட்டது. முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருந்த நிலைப்படிக்கு மட்டும் பலகையைச் சரித்து அடித்தேன். அத்தை தட்டில் தண்ணீரும் சாப்பாட்டுக் கிண்ணமும் வைக்க வேண்டும். நேரம் வந்ததும் அது தானாக அடுப்படியிலிருந்து கட்டிலுக்குப் போகும். அந்த வீட்டுக்கென்று கணக்குப் பிரிவு அக்காவை 'மாமா' என்று சொல்ல வைத்துக் குரல் பதிந்திருந்தேன்.

"மாமா, தண்ணி கொண்டாந்திருக்கறனுங்க. வாங்கிக்கோங்க."

"ஆத்தாடி! கோயமுத்தூர்க்காரியில்லா பேசுதா!" என்று அத்தை வாயில் கை வைத்தார். "நமக்குத்தான் மவன் இல்ல, மருமவ வந்துட்டா பாத்தீகளா!"

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. நீட்டிய கையையே பார்த்தார். பிறகு கழுத்தைச் சாய்த்து, அதன் மறுபக்கத்தைப் பார்த்தார். அங்கே வழவழவென்று வெறும் தகரம்.

"மாப்ள, இதுக்கு இந்தப் பக்கத்துக் கை எங்க?"

"இல்லீங்க மாமா."

"இழுத்துக்கிட்டோ?"

"அய்யோ, அப்படியில்லீங்க மாமா. அது வந்துங்க, படம் வரையறப்ப எதிர்ல இருந்து பாத்து..."

நான் விளக்கிக்கொண்டே போகிறேன், அவர் காதிலேயே வாங்கவில்லை. கோணியிருந்த வாய் இன்னும் கோணியது. தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். மூச்சு முட்டுகிறதோ என்று பயந்து நான் எழுந்துவிட்டேன். சிரிக்கிறார்! விழுந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் சிரிக்கிறார்.

"பாவம்டே. இதுக்கும் சோத்தாங்கை இல்ல."

கம்பளி அசைந்தது. இடது கை வெளியே வந்தது. மாசக்கணக்கில் வெளிச்சம் படாமல் வெளுத்திருந்த கை. குறுக்கே எட்டி, டம்ளரைப் பிடித்து, கியர் மாற்றுகிற தோரணையில் ஒரு இழுப்பு இழுத்தார். ரோபோ விட்டது. பாதி நெஞ்சில் கொட்டியது, பாதி குடித்தார். அடுத்து வந்த கிண்ணத்தையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஸ்பூனை இடது கையில் பிடித்து, ரோபோவைப் பார்த்தபடியே கஞ்சி குடித்தார். அத்தை அடுப்படியில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது?

அதற்குப் பிறகு வந்த மாசங்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. சனிக்கிழமை தவறாமல் மலையேறிவிடுவேன். சோதனை பார்க்கப் போகிறேன் என்று பட்டறையில் பெயர். உள்ளபடிக்கு எனக்கு அந்த வீட்டில் இருக்க வேண்டும். மேகம் முற்றத்தைக் கடந்து நேரே வீட்டுக்குள் வரும். வாசல்படியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அத்தை பாலில்லாத கட்டன் சாயாவும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் கொண்டுவந்து வைப்பார். உள்ளே மாமா மருமகளை வம்புக்கு இழுத்துக்கொண்டிருப்பார். "ஏ மருமவளே, இன்னிக்கு என்ன கொழம்பு?" அதற்குத் தெரிந்ததே நாலைந்து வாக்கியம்தான். "மாத்திரை கொண்டாந்திருக்கறனுங்க" என்னும். "மாத்திரைக் கொழம்பா? உங்க ஊர்ல அதான் விசேஷமோ?" என்பார். வாசலில் இருக்கிற எனக்குத்தான் அந்தக் குத்து. மழையில் கரண்டு போய், சார்ஜ் தீர்ந்து, அது நடு அறையில் நின்றுவிட்டால், "ஏட்டி, அவ மேல எதையாவது போத்து, குளிரப்போவுது" என்று அத்தையை விரட்டுவார். அத்தையும் கொழுந்து மூட்டை கட்டுகிற படுதாவை எடுத்துப் போர்த்துவார். ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்று போர்த்துகிறார்களா, உண்மையிலேயே குளிரும் என்றா, எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் இல்லை.

அத்தை மதியம் ஓடி வருவதை நிறுத்திவிட்டார். சூப்பர்வைசர் வாயை மூடிக்கொண்டார். வீடு தப்பித்தது என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

புரியாத பேச்சு எதையாவது கேட்டால் ரோபோ அதைப் பதிந்து வைத்துக்கொள்ளும். பிறகு கேட்டுத் திருத்துவதற்காக. கஞ்சிக்கோட்டில் உட்கார்ந்து அதைக் கேட்பேன். பெரும்பாலும் மாமா அதற்கு ஜீப் ஓட்டச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பார். "குட்டிக்கானம் ஏத்தத்துல தேர்டுல போனேன்னு வையி, திணறிரும். கைய இப்பிடி வச்சிக்க. உனக்கும் எனக்கும் இந்தக் கைதான, அது போதும். கியருக்கு இந்தக் கைதான் வேணும்." கேட்டுவிட்டு அழித்துவிடுவேன். வேலைக்கு உதவாத பேச்சை அழித்துவிட வேண்டும் என்பது பட்டறை வழக்கம். இப்போது அந்தக் குரலில் ஒரு வரி கிடைத்தால் போதும் என்றிருக்கிறது.

மதிப்பீட்டுக்கு ஒரு மேடம் வந்தார். எங்களுக்குப் பணம் தருகிற இடத்திலிருந்து அனுப்பப்பட்டவர், காலேஜில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், கல்பாத்திக்காரர். நல்ல மனுஷி. லயத்து வீட்டில் மூட்டை மேல் உட்கார்ந்து ஒரு பகல் முழுக்கப் பார்த்தார். மாமா வாங்குவதை, தண்ணீர் சிந்துவதை, அது திரும்பிப் போவதை, எல்லாவற்றையும் பார்த்தார். வெளியே வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"எல்லாம் நன்னாத்தான் இருக்கு. ஆனா இடக்கையாலே கொடுக்கறதே, நம்ம மனுஷாளுக்கு அது ஒப்புமோ? பார்க்கற எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. இன்னொண்ணு, எதிரே நிக்கறது வலக்கையாலே நீட்டினா அவரோட இடக்கைக்கு நேரா வரும். இப்போ பாவம் குறுக்கே எட்டி வாங்கறார், சட்டையெல்லாம் நனைஞ்சுபோறது. கையை அந்தப் பக்கம் மாத்திடுங்கோ."

இரண்டுமே நியாயம். மறுத்துச் சொல்ல ஒரு எழுத்து இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"மேடம், அவரு வாங்கறதே அதுக்கும் இடக்கைங்கறதாலதானுங்க."

"அப்படின்னு அவர் சொன்னாரா?"

"சொல்லலீங்க. சிரிச்சாருங்க."

மேடம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எனக்கு மண்டைக்குள் சூடு ஏறி, கொங்குத் தமிழும் மலையாளமும் கலந்து கட்டி என்னென்னவோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. ஊருக்குத் திரும்பியதும் முதலாளி கூப்பிட்டு, "ஏப்பா, அந்தம்மா சொன்னதுல என்ன தப்பு? நாமளே மாத்தோணும்னு இருந்ததுதான?" என்றார். புது ரோபோ வேகமாகத் தயாராயிற்று. வேகத்துக்குக் காரணம், பழையதைக் கொண்டுவரச் சொல்லி அதன் மணிக்கட்டு, பேட்டரி, மூளைப் பலகை எல்லாவற்றையும் கழற்றிப் புதியதில் போட்டதுதான்.

வலது கைக்காரி வந்து இறங்கினாள். பெயின்ட் பளபளத்தது. அதே குரல், அதே பேச்சு. மேடம் சொன்னபடியே டம்ளர் மாமாவின் இடது கைக்கு நேராகப் போய் நின்றது. கொஞ்சம் எட்டினால் போதும்.

மாமா அந்தக் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மருமவளுக்குச் சொகமாயிட்டு, மாப்ள," என்றார். "எனக்குத்தான் ஆவல."

இடது கை கம்பளிக்குள் போய்விட்டது. முகம் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது. ரோபோ நீட்டியபடியே காத்திருந்தது. நேரம் முடிந்ததும், "பரவாயில்லீங்க மாமா, அப்பறமா வர்றனுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பியது. அந்த வாக்கியத்தை எழுதியவன் நான்தான். அன்றைக்கு அதைக் கேட்கச் சகிக்கவில்லை.

அன்றும் சாப்பிடவில்லை, மறுநாளும் இல்லை. அத்தை பழையபடி ஓட ஆரம்பித்தார். பழையதைத் திரும்பப் பூட்டிக் கொடுங்கள் என்று முதலாளியிடம் சண்டை போட்டேன். சாமான் வர மாசக்கணக்காகும் என்றார். சூப்பர்வைசர் அதுவரை பொறுக்கிற ஆள் இல்லை. மாசக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று அத்தையே சொல்லிவிட்டார். என் மனைவி எங்கள் வீட்டுக் கீழறையை ஒழித்து, கட்டில் போட்டு, அழுதுகொண்டே ஜன்னலுக்குத் திரை தைத்தாள்.

அவர்களைக் கூட்டிவர ஒரு வேன் பேசிக்கொண்டு போனோம். சாமான்கள் சாக்கில் கட்டி வாசலில் கிடந்தன. மாமா சட்டை போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசியாக ஒரு சாயா குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்றார் அத்தை. அடுப்படியில் டம்ளர் சத்தம் கேட்டது. பிறகு ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அத்தை வந்தார். டம்ளர் அவர் இடது கையில் இருந்தது. வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்திருந்தார். மாமாவுக்கு முன்னால் போய் நின்று நீட்டினார்.

"இந்தாங்க."

மாமா நிமிர்ந்தார். "என்னட்டி இது? மாப்ள இருக்காரு."

"மாப்ள பாக்கட்டும். எனக்கும் இன்னையிலேருந்து சோத்தாங்கை இல்ல. வாங்குதீகளா, கீழ போடவா?"

வாழ்நாளில் ஒரு தீப்பெட்டியைக்கூட யாருக்கும் இடது கையில் கொடுத்தறியாத மனுஷி. டம்ளர் ஆடி, சாயா விளிம்பில் வழிந்து விரலைச் சுட்டது. விடவில்லை. மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். கம்பளி இல்லை, கட்டியாகிவிட்டது. ஒளிக்க இடமில்லாமல் அந்தக் கை மடியில்தான் கிடந்தது. அது எழுந்தது. டம்ளரைப் பிடித்து லேசாக இழுத்தது. அத்தை விட்டார்.

எனக்கும் என் மனைவிக்கும் அதே கையில்தான் சாயா வந்தது. நாங்களும் அதே கையில் வாங்கினோம். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. "பசிக்கி," என்றார் மாமா. கட்டிய சாக்கை அவிழ்த்து, தட்டை எடுத்து, வழிக்கென்று கட்டி வைத்திருந்த புளிச்சோற்றைப் பிரித்துப் போட்டு, நாலு பேரும் தரையிலும் கட்டிலிலுமாக உட்கார்ந்து இடது கையால் சாப்பிட்டோம். என் சோறு சட்டையில், மடியில், தரையில் எல்லாம் கிடந்தது. என் மனைவி மூக்கில் அப்பிக்கொண்டாள். அத்தை சிரிப்பும் அழுகையுமாகப் பாதியைச் சிந்தினார். ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டவர் மாமா ஒருவர்தான்.

"பாத்தீகளா, இது கியர் போட்ட கை," என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்கெல்லாம் இன்னும் லைசென்சு கெடைக்கல."

வேன்காரரிடம் சமாதானம் சொல்லி, சாமானை உள்ளே தூக்கிப் போட்டுவிட்டு, நாங்கள் இரண்டு பேர் மட்டும் மலை இறங்கினோம். மறுநாள் அத்தை வேலையை விடவில்லை என்று சொல்லிவிட்டு மலைக்குப் போனார். மூடி வைத்துவிட்டுப் போன தட்டை மாமாவே எடுத்து மதியம் சாப்பிட்டார். புது ரோபோ இனி அங்கே எதற்கு? கொண்டுவந்துவிட்டோம்.

மேடத்தைப் பிறகு பட்டறையில் பார்த்தபோது நடந்ததைச் சொன்னேன். கையிலிருந்த நோட்டைப் பிரித்தார். "இதை நான் எதிலே சேர்த்து எழுதறது, சொல்லு?" என்றார். கிண்டல் இல்லை, மெய்யாகவே கேட்டார். இப்போது எங்கள் பட்டறையிலிருந்து போகிற ரோபோ எல்லாம் வலது கையோடுதான் போகின்றன. நன்றாகவே வேலை செய்கின்றன.

அத்தை தன் பணிக்காலம் முடியும் வரை வேலை பார்த்து, வழக்கப்படி ஓய்வு பெற்றார். இரண்டு பேரும் லயத்தைக் காலி செய்து வண்டிப்பெரியாற்றில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். யாருக்கு எது கொடுத்தாலும் அத்தைக்கு வலது கைதான். மாமாவுக்கு மட்டும் இடது. எங்களுக்கு அது பழகிப்போய், கண்ணில் படுவதே நின்றுவிட்டது.

போன மழைக்காலத்தில் மாமாவுக்கு மறுபடியும் வந்தது. இந்த முறை இரண்டு பக்கமும். ஆசுபத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். காலையில் மூச்சு மாறியதும், பால் ஊற்றுங்கள் என்றார்கள். மகள் ஊற்றினாள், நான் ஊற்றினேன். கடைவாயில் வழிந்துவிட்டது, இறங்கவில்லை. அத்தை கிண்ணத்தை வலது கையில் வைத்துக்கொண்டு, ஸ்பூனை இடது கையில் எடுத்தார்.

மாமாவின் அண்ணி பதறிப்போய் அத்தையின் முழங்கையைப் பிடித்தார். "ஏளா, கடைசிப் பாலு. சோத்தாங்கையில ஊத்து."

"அவுக இந்தக் கையிலதான் வாங்குவாக," என்றார் அத்தை.

ஊற்றினார். இறங்கியது.